ஒரே வரிசையில தவிலும் பறையும்: இன்னும் பேர் வைக்காத ஒரு குழுவைக் கேட்டுப் பாருங்க

மைக்செட்காரர் (நீடாமங்கலம் பக்கம்)

இருபத்திரண்டு வருஷமா மைக்செட் போடுறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், துக்க வீடு எல்லாத்துக்கும் போயிருக்கேன். பாட்டைப் பத்தி எழுதினது கிடையாது. போன ஆடி மாசம் கேட்டதை எழுதாம இருக்க முடியல.

ஆடியில முகூர்த்தம் இல்லாததால எங்க பக்கத்து மண்டபம் ஒண்ணு பூட்டிக் கிடந்துச்சு. அஞ்சு பேர் வந்து மூணு நாள் வாடகைக்குக் கேட்டாங்க. நாகசுரம் வாசிக்கிற பொண்ணு, தவில்காரத் தம்பி, பறை அடிக்கிற தம்பி, பேஸ் கிட்டார் ஒருத்தர், கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுற பையன். எல்லாருக்கும் முப்பதுக்குள்ள வயசு. டிரம் செட் கிடையாது, கீபோர்டு கிடையாது. குழுவுக்குப் பேரும் வைக்கல. மூணு நாள் பதிவுல நாலு பாட்டு வந்துச்சு. அவங்க சம்மதத்தோட நாலையும் இந்த இழையிலயே இணைச்சிருக்கேன்.

எந்த வரிசையில கேக்கணும்னு சொல்றேன், ஏன்னா தப்பான பாட்டுல ஆரம்பிச்சு மூடிட்டுப் போனவங்களைப் பாத்திருக்கேன். முதல்ல ரெண்டாவது கோப்பு, நடவுப் பாட்டு. பாடுற பையனோட பாட்டி வயல்ல பாடினது. முதல் ஒரு நிமிஷம் வெறும் குரல்தான். அப்புறம் பேஸ் கிட்டார் ஒரே ஒரு சுரத்தை, நாத்து முடியை எடுத்து ஊனுற வேகத்துல, விட்டு விட்டுத் தட்டும். அவ்வளவுதான். நாகசுரம் கடைசி வரைக்கும் வராது. பாட்டு முடியுற நேரத்துல தூரத்துல ஒரு தடவை கேக்கும், வரப்பு மேல யாரோ நடந்து போற மாதிரி.

அடுத்து நாலாவது. கம்பீர நாட்டை ராகம், கண்ட நடை, அதாவது அஞ்சு அஞ்சா எண்ணுற தாளப் போக்கு. ஸ க ம ப நி, இந்த அஞ்சு சுரமும் நம்ம காதுல பிறந்ததுலேருந்தே இருக்கு. சாமி புறப்பாட்டுல மல்லாரி கேட்டு வளந்த யாருக்கும் இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. அந்த அஞ்சு சுரத்து மேல எலக்ட்ரிக் கிட்டார் கரகரன்னு ஏறுறப்ப நமக்கு அந்நியமாத் தெரியாம இருக்கிறதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

மூணாவது, தென்னைக்கு ஒப்பாரி. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்ப பறைக்காரத் தம்பி குடும்பத்துல தோப்பு மொத்தமும் சாஞ்சிருச்சு. பிள்ளைய மாதிரி வளத்த மரத்துக்கு மாரடிச்சு அழுத அம்மா குரல்லேருந்து எடுத்தது. இதைத் தனியா உக்காந்து கேளுங்க. முதல்லயே கேட்டா மத்த மூணும் காதுல ஏறாது.

கடைசியா முதல் கோப்பு, தோடி ராகம். அதுல எனக்கே ஒரு தயக்கம் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இதை எல்லாரும் ஃப்யூஷன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கிட்டாரும் நாகசுரமும் சேந்தது பெரிய விஷயமே இல்ல, அதை எத்தனையோ பேர் பண்ணிட்டாங்க. நான் மைக் வைக்கப் போனப்ப தவில்காரத் தம்பியும் பறைக்காரத் தம்பியும் ஒரே வரிசையில, ஒரே பாயில உக்காந்திருந்தாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ரெண்டுக்கும் எத்தனையோ தடவை மைக் போட்டிருக்கேன். ஒரே மேடையில, ஒரே நேரத்துல போட்டது அன்னைக்குத்தான். கலப்புன்னா எனக்கு அதுதான். நீங்க கேக்குறப்ப அதைக் கேளுங்க.

குறுவைப்பயிர்

போன்லயே கேட்டேன் அண்ணே. நடவுப் பாட்டுல நீங்க சொன்ன பேஸ் கேக்கவே இல்லையே? வெறும் குரல்தான் வருது. குரல் அருமை.

மைக்செட்காரர்

போன் ஸ்பீக்கர்ல அந்தச் சுரம் வெளியவே வராது தம்பி. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. எங்க புனல் ஸ்பீக்கர்லயும் இதே கதைதான். திருவிழாவுல ஊரெல்லாம் கேக்கும், ஆனா அடி ஒலி மொத்தமா போயிரும். இயர்போன் போட்டுக் கேளுங்க.

குறுவைப்பயிர்

இப்பக் கேட்டேன். பஸ்ல உக்காந்திருந்தேன், இறங்க வேண்டிய ஊரை விட்டுட்டேன்.

வலந்தலை

தம்பி மைக்செட்காரருக்கு வணக்கம். எனக்கு எழுபத்தோரு வயது. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகத் தவில். நானும் கைவிரல் கூட்டைக் கழற்றி வைத்து ஆறு வருஷம்தான் ஆகிறது. நாலு பாட்டும் கேட்டேன். பிள்ளைகளிடம் உழைப்பு இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். தவில்காரப் பையனுக்குக் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் கழி நன்றாகப் பேசுகிறது.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மல்லாரி சுவாமி வாகனத்துக்கு முன்னால் வாசிப்பது. அந்த ராகத்தில் கிட்டாரை இரைச்சலாக விடுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. தோடியோ, நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்து, அதற்குப் பிறகு தொடவே ஆட்கள் பயந்த ராகம். அதற்கு அடியில் கிட்டாரில் பல சுரங்களை ஒன்றாகக் கட்டி அழுத்திப் பிடிக்கிறார்கள். ராகம் மூச்சுத் திணறுகிறது.

இன்னொன்று. எல்லா வாத்தியத்துக்கும் அது அது இருக்கிற இடம் என்று ஒன்று உண்டு. அதைக் கலைத்துத்தான் புதிதாக ஒன்று பண்ண வேண்டுமா என்று கேட்கிறேன்.

மாட்டுவண்டிப்பாதை

ஐயா, தப்பா நினைக்காதீங்க. தஞ்சாவூரே கலந்து உண்டான ஊர்தானே? சரபோஜி மன்னர் (1798–1832) அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வாத்தியம் இருந்திருக்கு. வயலின் நம்ம சங்கீதத்துக்குள்ள வந்தது அந்தக் காலத்துலதான். முத்துசுவாமி தீட்சிதரே தஞ்சாவூர் அரண்மனை பேண்டைக் கேட்டுத்தான் நோட்டுஸ்வரம் பண்ணினார்.

திருவாரூர் வாத்தியார்

கடைசி வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். தீட்சிதர் எங்கள் திருவாரூரில் பிறந்தவர்தான். ஆனால் இங்கிலீஷ் பேண்டு அவர் காதில் விழுந்தது குடும்பத்தோடு சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில், கோட்டைப் பக்கம். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நாற்பதுக்குப் பக்கம் இருக்கும். அதில் ஒன்று இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டதும் அப்போதுதான்.

தஞ்சாவூர்ப் பெருமைக்கு வேறு ஆள் இருக்கிறார். தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு. வயலினில் கைதேர்ந்து திருவாங்கூர் போனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். சதிர்க் கச்சேரி (இன்றைய பரதநாட்டியம்) நட்டுவனார் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளைக்காரன் கருவியில் ராஜ மரியாதை பெறுகிறார். இதையெல்லாம் நாங்கள் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

வலந்தலை ஐயாவுக்கு: உங்கள் தோடிக் குறையோடு நான் உடன்படுகிறேன். கம்பீர நாட்டைக் குறையோடு இல்லை. பிள்ளைகள் மல்லாரியை எடுத்து வாசிக்கவில்லை, அந்த ராகத்தில் சொந்தமாகப் பண்ணியிருக்கிறார்கள். ராகம் சுவாமிக்கு மட்டும் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

ஆறு தந்தி

நான் கும்பகோணத்துல கிட்டார் சொல்லிக் குடுக்கிறேன். எனக்குத் தொழில் சந்தேகம். நாகசுரத்தோட கிட்டார் எப்படிச் சுருதி சேந்துச்சு? எங்க பசங்களோட ரெண்டு தடவை முயற்சி பண்ணினோம். ஒவ்வொரு தடவையும் பாதிப் பாட்டுல நாகசுரம் மேல போயிருச்சு, நாங்க கீழ நின்னுட்டோம்.

மைக்செட்காரர்

அதை வாசிக்கிற பொண்ணையே எழுதச் சொல்லியிருக்கேன்.

பாரி நாயனம்

வணக்கம். அந்தக் குழுவுல நாகசுரம் வாசிக்கிறது நான்தான்.

என்னோடது நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல செஞ்ச பாரி நாயனம், அதாவது நீளமான நாகசுரம். சுருதி ரெண்டரைக் கட்டை. ரெண்டரைக் கட்டைன்னா கிட்டாரோட அடித் தந்திக்கு அரைச் சுரம் கீழ. அதனால நாங்க ஆறு தந்தியையும் அரைச் சுரம் இறக்கிட்டோம். இப்ப அடித் தந்தியைத் திறந்து மீட்டினாலே எனக்கு ஆதார ஸட்ஜம். பேஸுக்கும் அப்படியே. நீங்க தந்தியை இறக்காம, விரலை மாத்தி வெச்சுச் சமாளிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். அப்படிப் பண்ணினா திறந்த தந்தியோட கார்வை கிடைக்காது.

பாதியில மேல போறதுக்குக் காரணம் சூடு. வாசிக்க வாசிக்க மூச்சுல குழல் சூடாகிச் சுருதி கொஞ்சம் ஏறும். அதனால நான் பதிவுக்கு முன்னாடி இருபது நிமிஷமாவது சும்மா வாசிச்சுச் சூடாக்கிட்டுத்தான் கிட்டாரைச் சேக்கச் சொல்லுவேன். போன்ல சுருதி பாக்கிற செயலியை வெச்சு அவங்க தனியா சேத்துக்கிட்டு வந்தா ஒத்துவராது, என் சத்தத்துக்குக் காதால சேக்கணும். நாகசுரத்துல பன்னிரண்டு துளை, விரல் வெக்கிறது ஏழுலதான். கீழ இருக்கிற அஞ்சுல மெழுகு அடைச்சுத் தேவையான அளவு திறந்து சுருதியைச் சரிபண்ணலாம். சீவாளியை மாத்தினாலும் மாறும். கொறுக்கைத் தட்டைச் சீவாளிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். அன்னைக்கு நாலு மாத்தினேன்.

வலந்தலை ஐயா, உங்களை மாதிரி ஒருத்தர் முழுசாக் கேட்டதே எங்களுக்குப் பெரிசு. தோடியில நீங்க சொன்ன இடம் எது? நேரத்தைக் குறிச்சுச் சொன்னீங்கன்னா நாங்க உக்காந்து பாக்கிறோம்.

உப்புக்காத்து (நாகை)

நான் பாட்டு தெரிஞ்சவ இல்லை. ஒப்பாரியைக் கேட்டுட்டு ராத்திரி தூங்கல, அதனால எழுதறேன்.

எங்க ஆத்தா நடவுப் பாட்டு நூத்துக்கணக்குல பாடுவாங்க. நான் ஆறாவது படிக்கிறப்ப ஒரு கம்பெனிக்காரங்க வந்து ரெண்டு நாள் திண்ணையில உக்காந்து பதிவு பண்ணிக்கிட்டுப் போனாங்க. காப்பித்தண்ணி போட்டுக் குடுத்தது நான்தான். பல வருஷம் கழிச்சு அந்தப் பாட்டு கேசட்டா வந்திருக்கிறதைக் கடையில பாத்தோம். ஆத்தா பேர் அட்டையில எங்கயும் இல்ல. நாட்டுப்புறப் பாடல்னு போட்டிருந்துச்சு. ஆத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எம்பாட்டுதானே?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. படிக்கத் தெரியாது அவங்களுக்கு. நான் ஆமான்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

அதனால கேக்கறேன். இந்தப் பையன் பாட்டியோட பாட்டுக்கு யார் பேர் போட்டிருக்கீங்க?

பாரி நாயனம்

அக்கா, பாட்டிக்கு எண்பத்து மூணு வயசு, நல்லா இருக்காங்க. பாட்டு, மெட்டு ரெண்டுக்கும் அவங்க பேர்தான். இந்த இழை பொதுவா இருக்கிறதால அவங்க பேரை இங்க எழுதல, குறுந்தகட்டு உறையில முதல் பேரே அவங்களுதுதான். அந்தப் பாட்டுல வர்ற பணத்தை ஆறு பங்கு போட்டுப் பாட்டிக்கு ஒரு பங்கு குடுக்கிறோம். அவங்க பாடின பதிவையும் தனியா எடுத்து வெச்சிருக்கோம். உங்க ஆத்தா பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருந்தா நீங்களே பாடி வைங்க அக்கா, போன்ல பதிஞ்சாலும் போதும்.

உப்புக்காத்து (நாகை)

ஏழு பாட்டு முழுசா வரும். நாளைக்கு உக்காறேன்.

அடிக்குச்சி (பட்டுக்கோட்டை)

எல்லாரும் சுருதி பேசினீங்க, நான் வலந்தலை ஐயா சொன்ன "இருக்கிற இடம்" பத்திப் பேசறேன். மரியாதையாத்தான் பேசறேன்.

எங்க அப்பா பறை அடிச்சார். ஊர்ல சாவுன்னா முதல்ல எங்க வீட்டுக்குத்தான் ஆள் வரும். வாசல்ல நின்னு கூப்பிடுவாங்க. மேளக்காரங்க கோயிலுக்குள்ள வாசிக்கிறப்ப அவர் தெருமுனையில நின்னு கேப்பார். கேட்டுக் கேட்டே தவில் சொல்லு அத்தனையும் மனப்பாடம். ராத்திரி வீட்ல வாயால சொல்லி அதை அடிக்குச்சியாலயும் சிண்டுக்குச்சியாலயும் பறையில வாசிச்சுக் காட்டுவார். அதைக் கேட்டது எங்க அம்மாவும் நானும் மட்டும்தான். அவர் செத்து பதினோரு வருஷம் ஆச்சு.

கண்ட நடைப் பாட்டுல மூணு நிமிஷத்துக்கு மேல ஒரு இடம் வருது. தவில் ஒரு தீர்மானம் (முடிவுச் சொற்கட்டு) வைக்கும், பறை அதையே வாங்கித் திருப்பி அடிக்கும். மறுபடி தவில், மறுபடி பறை. அப்புறம் ரெண்டும் சேந்து வந்து விழும். ஐயா, எங்க அப்பா வீட்டுக்குள்ள வாசிச்சது அதுதான். நான் அதை வெளியில கேட்டது இதுதான் முதல் தடவை.

நாகசுர வித்வான்களே ஒரு காலத்துல சட்டை போடாம, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னு வாசிச்சவங்கதானே? ராஜரத்தினம் பிள்ளை கோட்டு போட்டு, முடியைக் கிராப்பு வெட்டி, மேடையில சமமா உக்காந்தார்னு நீங்கதான் எங்களுக்கு எடுத்துச் சொல்லணும். அவர் அன்னைக்கு அவருக்குச் சொன்ன இடத்துல நிக்கல.

திருவாரூர் வாத்தியார்

இதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. அந்த இடத்தைத் திரும்பக் கேட்டேன். நன்றி தம்பி.

குறுவைப்பயிர்

இதே மாதிரி வேற யார் இருக்காங்க? கேக்கணும் போல இருக்கு.

ஆறு தந்தி

2018 ஜனவரி 6 அன்னைக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி பண்ணின தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கேளுங்க. கானா, ராப், ராக், பறை எல்லாம் சேரும். குழுப் பேரே அயோத்திதாசப் பண்டிதரோட "சாதிபேதமற்ற" என்ற சொல்லுலேருந்து எடுத்தது. நம்ம தஞ்சாவூர்க்காரர் அந்தோணிதாசன் சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடியே கரகாட்டம், நையாண்டி மேளம்னு ஊர் ஊராப் போனவர். அவர் லா பொங்கல் குழுவோட பாடினதைத் தேடிக் கேளுங்க. கர்நாடக ராகத்துல கனமான ராக் வேணும்னா பெங்களூரு அகம் குழு. ஆனா அகத்துல நீங்க கேக்கிறது கச்சேரி மேடைச் சங்கீதம். இந்தப் பிள்ளைங்க கிட்ட இருக்கிறது தெருவும் வயலும். ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு ஒப்பிடாதீங்க.

அப்புறம், தந்தியை அரைச் சுரம் இறக்கிப் பாத்தோம். உக்காந்துருச்சு. நன்றிம்மா.

வலந்தலை

ஒன்பது நாளாக எழுதவில்லை. கோபம் இல்லை.

பாரி நாயனம் பெண்ணுக்கு: தோடியில் நாலாவது நிமிஷம் பத்தாவது விநாடி. நீ காந்தாரத்தை அசைத்துக்கொண்டு நிற்கிறாய். அது நிற்கிற சுரம் இல்லை, ஊஞ்சல். அதே நேரத்தில் கிட்டார் தம்பி காந்தாரத்தை ஆடாமல் அசையாமல் அழுத்துகிறார். ஊஞ்சலைக் கம்பத்தில் கட்டியது போல் ஆகிறது. அந்தச் சுரக் கட்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ஸட்ஜமும் பஞ்சமும் மட்டும் வைக்கச் சொல். ஒத்து ஊதுகிறவர் ஆதார சுருதியை நிறுத்திப் பிடிக்கிற வேலைதான், கிட்டாரில் பண்ணட்டும். அப்படியும் தோடிக்குக் கிட்டார் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அதில் மாற்றமில்லை.

அடிக்குச்சித் தம்பிக்கு: நீங்கள் சொன்ன மூன்றாவது நிமிஷத்தை ஐந்தாறு தடவை கேட்டேன். பறைக்காரப் பிள்ளை தீர்மானத்தை வாங்குகிறபோது கடைசி அறுதியில் ஒரு இடம் விட்டு அடிக்கிறான். அதை எவரும் சொல்லிக்கொடுத்து வராது. உங்கள் அப்பா வாசித்ததை நான் கேட்டதில்லை. தெருமுனையில் நின்று கேட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆயிற்று.

அடிக்குச்சி (பட்டுக்கோட்டை)

ஐயா, படிச்சேன். அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்.

பாரி நாயனம்

ஐயா, நேத்து ஸட்ஜம், பஞ்சமம் மட்டும் வெச்சு வாசிச்சுப் பாத்தோம். காந்தாரம் இப்பத்தான் மூச்சு விடுது. தோடியை மட்டும் திரும்பப் பதிவு பண்ணப் போறோம். பழைய கோப்பை மாத்தச் சொல்லி மைக்செட் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.

மைக்செட்காரர்

மாத்திடறேன். இப்ப எல்லாருக்கும் ஒரு சேதி. சம்பா அறுப்பு முடிஞ்சதும் மாசி மாசத்துல எங்க ஊர்க் களத்துல நேர்ல வாசிக்கிறாங்க. மேடை கிடையாது, தரையில ஜமக்காளம்தான். புனல் வேண்டாம்னு சொல்லிட்டேன், அடி ஒலி கேக்கிற பெட்டி ரெண்டு வாடகைக்கு எடுக்கிறேன். தவிலுக்கு விரலால வாசிக்கிற வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக். பறைக்கு ஒண்ணு, கொஞ்சம் தள்ளி. டிக்கெட் இல்ல, துண்டு விரிப்போம். விழுறதை ஆறாப் பிரிப்பாங்க, பாட்டியும் வர்றாங்க.

ஒரே கவலை பனி. மாசிப் பனியில ராத்திரி எட்டு மணிக்கு மேல பறைத் தோல் தொய்ஞ்சுரும். அரை மணிக்கு ஒரு தடவை தீ மூட்டிக் காய்ச்சணும். இப்பல்லாம் மெசின் அறுப்புல வைக்கோலை அப்பப்பக் கட்டாக் கட்டி வண்டியில ஏத்திட்டுப் போயிடறாங்க, களத்துல ஒண்ணும் மிஞ்சறதில்ல. பக்கத்துல யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.

உப்புக்காத்து (நாகை)

நான் வர்றேன். ஏழு பாட்டும் பதிஞ்சுட்டேன், போன்ல கொண்டாறேன்.

வலந்தலை

எங்கள் வீட்டுக் கொல்லையில் கை அறுப்பு வைக்கோல் போர் இருக்கிறது. ஒரு பாரம் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். தோல் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். முட்டிவலி, தரையில் உட்கார முடியாது.